கிளுவை தளிர்த்த கடவு

அன்று காலை மடத்து முற்றத்தில் இருந்தவர்கள் நால்வர். மடத்தின் குருவான மருதம்மை. அவரைவிட வயதில் மூத்த சீடர்களான சென்னியப்பனும் அவர் மனைவி ராக்கியாத்தாளும். தாராபுரத்திலிருந்து ஆடு வாங்க வந்திருந்த சிக்கந்தர் ராவுத்தர். பின்னாளில் தாமும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொண்டவர்கள் உண்டு. அவர்கள் அங்கே இல்லை.

மடம் மழை குறைந்த மேட்டுநிலத்தில் இருந்தது. அதற்குச் சொத்து என்று சொல்லத்தக்கது நான்கு மேய்ச்சல் நிலங்களும் ஒரு செம்மறி மந்தையும்தான். அந்தப் பக்கத்தில் மேய்ச்சல் நிலத்தைக் காடு என்பார்கள். ஒவ்வொரு காட்டையும் சுற்றி முள்ளுக்கிளுவை வேலி. ஒரு காட்டிலிருந்து மற்றொன்றுக்குப் போக வேலியில் விடப்பட்ட இடைவெளிக்குக் கடவு என்று பெயர். கடவை அடைக்க, முள்ளையும் குச்சியையும் பின்னிச் செய்த படல் ஒன்று சாத்தப்பட்டிருக்கும். ஆடு ஒரு காட்டில் மேயும்போது மற்ற மூன்றும் ஓய்ந்திருக்கும். முறை வந்ததும் படலை நகர்த்துவார்கள். மடத்தின் வழிபாட்டு முறைகள் பெரிதாக ஏதுமில்லை. படல் நகர்த்துவதையே பூசை என்று எண்ணிவந்த குருமார்களும் அங்கே இருந்திருக்கிறார்கள்.

கிடாய்களை விற்ற வருவாயில் மடம் நடந்தது. அவை எங்கே போகின்றன என்பதை மருதம்மை யாரிடமும் மறைத்ததில்லை. அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தியதும் இல்லை.

சென்னியப்பனும் ராக்கியாத்தாளும் பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டு, ஒன்றாக மடத்துக்கு வந்தவர்கள். ஒரே வீட்டில் இருந்து நெடுங்காலம் சண்டையிட்டவர்கள், துறவுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை மட்டும் துறக்கவில்லை. மருதம்மையும் அதைத் துறக்கும்படி கேட்டதில்லை.

ராக்கியாத்தாளின் பொறுப்பில் மந்தை இருந்தது. சென்னியப்பனின் பொறுப்பில் வேலிகள் இருந்தன.

இரண்டு மழைக்காலத்துக்கு முன்பு ஒருநாள், ராக்கியாத்தாளுக்குக் காய்ச்சல் என்று சென்னியப்பன் ஆடு ஓட்டிப் போனார். வடகாட்டுத் தரையில் கல்லோடு கல்லாகக் கிடந்த ஆள்காட்டிப் பறவையின் முட்டைகளை மந்தை மிதித்துக் கடந்துவிட்டது. தாய்ப்பறவை அவர் தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றியது. உடைந்த ஓடுகளை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்து, அவர் மருதம்மையின் முன் நின்றார்.

“வடகாட்டை அதுகளுக்கு விட்டுரலாமுங்க, சாமி. ஆட்டுக்கு மீதி மூணு காடு இருக்குது.”

“ஆகட்டும்,” என்றார் மருதம்மை.

சென்னியப்பன் வடகாட்டுப் படலைச் சாத்தினார். சாத்திய படலின் மேல் நம்பிக்கை வரவில்லை. ஆடு முட்டித் தள்ளலாம், ராக்கியாத்தாளும் தள்ளலாம். ஆகவே படலை எடுத்துவிட்டுக் கடவில் நெருக்கமாகக் கிளுவைக் கம்புகளை ஊன்றினார். கிளுவைக்கு மண்ணும் ஒரு மழையும் போதும். கம்புகள் வேர் பிடித்தன, இலை விட்டன, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டன. வடகாட்டுக்கு அதன்பின் கடவு இல்லை. சுற்றிலும் வேலி மட்டும் இருந்தது.

இப்போது கோடைமழை ஒன்று பெய்து ஓய்ந்திருந்தது. மற்ற மூன்று காடுகளிலும் புல் எழவில்லை. மந்தையின் விலா எலும்பு தெரிந்தது. புல் போதாவிட்டால் ஆடு குறையத்தான் வேண்டும் என்று மருதம்மை சொல்லியிருந்தார். கிடாய்கள் வழக்கம்போலப் போகும். இம்முறை தாயாடுகளில் பாதியும் போக வேண்டும். அவற்றில் பல சினையாக இருந்தன. எல்லாமே ராக்கியாத்தாள் பேர் வைத்து வளர்த்தவை. அவற்றைப் பிடித்துப்போகத்தான் ராவுத்தர் வந்திருந்தார். போகவேண்டியவை மடத்துக் கட்டுத்தறியில் தனியே கட்டப்பட்டிருந்தன.

மருதம்மை கற்றாழை நாரைத் தொடைமேல் உருட்டிக் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். ராக்கியாத்தாள் விருந்தாளிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

“ஏனுங்க ராவுத்தரே, வெயில் ஏறறதுக்குள்ள கிளம்பறதுதானுங்களே?”

“ஆட்டோட கிளம்பறேன், அக்கா.”

“ஆடு வரலையாம். மோரு தர்றேன், குடிச்சுட்டு நீங்க மட்டும் கிளம்புங்க.”

“மோரு எங்க வீட்டுலயும் இருக்குது, அக்கா.”

“அப்படின்னா அதையே போய்க் குடிங்க.”

“ஏம்புள்ள,” என்றார் சென்னியப்பன். “வந்தவங்ககிட்டப் பேசற பேச்சா இது? சாமி வாக்குக் குடுத்தாச்சு.”

“வாக்குக் குடுத்தது சாமி. புல்லைப் பூட்டி வச்சது யாரு?”

“நான் எங்க பூட்டினேன்? அங்க பூட்டே கிடையாது.”

“பூட்டு இருந்தாத்தான் தேவலையே. சாவியைத் திருடியிருப்பேன்.”

ராவுத்தர் வாயைத் துண்டால் மூடிக்கொண்டார்.

சென்னியப்பன் மருதம்மையின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. மனைவியின் ஆடுகள் போவதில் அவருக்கு மகிழ்ச்சி ஏதும் இல்லை. வெள்ளைக்காது ஆடு ஈனமுடியாமல் கிடந்த நாளில் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தவர் அவர்தான்.

“ஒரு சந்தேகமுங்க, சாமி.”

“கேளுங்க.”

“ஆடு பொழைக்கணும்னா பறவை போகோணும். பறவை பொழைக்கணும்னா ஆடு போகோணும். அப்படித்தான் இந்தப் பூமியைப் படைச்சிருக்குதுங்களா? ஒரு நிலம் ரெண்டு பேருக்குச் சொந்தமாக முடியாதுங்களா?”

மருதம்மை நாரைத் திரிப்பதை நிறுத்தவில்லை.

“உங்க ஆள்காட்டி எப்படி இருக்குது?”

“நெம்ப நல்லா இருக்குதுங்க. தெனமும் வெடியக்காலையில கத்துது. நான் கரட்டு மேட்டு மேல உக்காந்துக்கிட்டுக் கேக்கறேன்.”

“பார்த்தீங்களா?”

“கேட்டேனுங்க.”

“பார்த்தீங்களான்னு கேட்டேன்.”

“உள்ள போனா கலைஞ்சுருமுங்களே, சாமி. கடவை அடைச்சதுக்கப்புறம் நான் உள்ள காலே வைக்கலைங்க.”

மருதம்மை கயிற்றைக் கீழே வைத்தார்.

“வாங்க. போய்ப் பார்த்துட்டு வரலாம்.”

நால்வரும் வடக்கே நடந்தார்கள்.

கடவு இருந்த இடம் செழித்திருந்தது. கோடைமழைக்குப் பின் கிளுவை புதுத் தளிர் விட்டு, வேலியின் மற்றப் பகுதிகளைவிட அடர்த்தியாக நின்றது. சென்னியப்பன் அதை மறைவான பெருமையோடு பார்த்தார். பார்த்ததை அவர் மனைவி பார்த்தார்.

ராவுத்தர் ஓர் இலையைத் தொட்டார்.

“ஊரு ஊராப் போறவன் நான். கரையான் அரிச்ச கதவைப் பார்த்திருக்கேன். தளிர் விட்ட கதவை இங்கதான் பார்க்கறேன்.”

“எப்படி உள்ளே போறது?” என்று கேட்டார் மருதம்மை.

சென்னியப்பன் வேலியை மேலும் கீழும் பார்த்தார். அந்தக் கேள்வியை அவர் இதுவரை எதிர்கொண்டதில்லை.

வேலியின் அடியில் முயல்கள் போய் வந்த சந்து ஒன்று இருந்தது. மருதம்மை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மண்ணில் கையூன்றி, அதன் வழியே தவழ்ந்து போனார். குரு போனபின் சீடர்கள் நிற்க முடியாது. ராக்கியாத்தாள் போனார். சென்னியப்பன் போனார், பாதி வழியில் மாட்டிக்கொண்டார்.

“தலையைத் தாழ்த்துங்க,” என்று உள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது. “இன்னும். இன்னும். கல்யாணமான நாள்ல இருந்து இதைத்தான் சொல்லிட்டிருக்கேன்.”

“நீங்க வரலையா, ராவுத்தரே?” என்றார் மருதம்மை.

“நான் இங்கயே நிக்கறேனுங்கம்மா. வேட்டி புதுசு.”

உள்ளே புல் இடுப்பளவு நின்றது. நின்றது என்று சொல்வதும் பொருந்தாது. இரண்டு மழையின் கொழுக்கட்டைப்புல் மேய்வாரின்றி முற்றி, காய்ந்து, சாம்பல் நிறமாகி, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தது. கால் வைத்தால் தரை தட்டுப்படவில்லை. மருதம்மை குனிந்து ஒரு கொத்தை விலக்கினார். அடியில் இந்தக் கோடைமழைக்கு எழுந்த தளிர்கள் இருந்தன. பானை கவிழ்த்து மூடிவைத்த நாற்றுப் போல வெளுத்து, மெலிந்து, ஒளி தேடி வளைந்திருந்தன.

சென்னியப்பன் ஆள்காட்டியைத் தேடினார். ஆள்காட்டி வெட்டவெளியில் முட்டையிடும் பறவை. தன்னைச் சுற்றி நாற்புறமும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் அதற்கு. அப்படித் தெரிந்தால்தான் குஞ்சை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கும். இங்கே ஒரு முழத்துக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. அவர் ஒரு மூலைவரை போனார். மறு மூலைவரை போனார். குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தார்.

திடீரென்று அவர் காலடியிலிருந்து காடை ஒன்று படபடவென்று எழுந்து, தாழப் பறந்து, மறுபடியும் புல்லுக்குள் விழுந்தது.

“சாமி! காடை!”

“ஆமா.”

“இன்னொண்ணு! அங்க பாருங்க!”

“பார்த்தேன்.”

“அப்போ உசிரு இருக்குதுங்களே!”

“இருக்குது. காடைக்கு இந்தப் புல் பிடிச்சிருக்குது. முயலுக்கும் பிடிச்சிருக்குது.” மருதம்மை நிமிர்ந்து நாற்புறமும் பார்த்தார். “ஆள்காட்டி எங்கே?”

அப்போது அது கத்தியது. கூர்மையான, இடைவிடாத, சண்டைக்காரக் குரல். மூவரும் கேட்டார்கள். அது தெற்கிலிருந்து வந்தது. வேலிக்கு அப்பால், ஆட்டுப்பட்டியையும் தாண்டி, தென்காட்டிலிருந்து வந்தது.

சென்னியப்பன் தெற்கே திரும்பினார். கரட்டின் மேல் உட்கார்ந்து இத்தனை நாள் கேட்ட குரல் அதுதான். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று அவர் ஒருநாளும் கவனிக்கவில்லை.

ராக்கியாத்தாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கணவரின் முகத்தைப் பார்த்தார். சொல்லவில்லை.

சந்தின் வழியே வெளியே வரும்போது கிளுவை முள் ஒன்று சென்னியப்பனின் குதிகாலில் ஏறி ஒடிந்தது. அவர் நொண்டி நொண்டி இரண்டடி வைத்தார்.

“உக்காருங்க,” என்றார் ராக்கியாத்தாள்.

“ஒண்ணுமில்லை.”

“உக்காருங்கன்னு சொன்னேன்.”

அவர் உட்கார்ந்தார். ராக்கியாத்தாள் வேலியிலிருந்து இன்னொரு முள்ளை ஒடித்து, கணவரின் காலைத் தன் மடியில் வைத்து, முள்ளால் முள்ளைக் கெல்லி எடுத்தார். எடுத்ததைக் காட்டினார்.

“நீங்க நட்டதுதான்.”

“தெரியுது.”

“நல்லாத்தான் வளர்ந்திருக்குது.”

சென்னியப்பன் சிரிக்கவில்லை. ஆனால் காலை உடனே எடுத்துக்கொள்ளவும் இல்லை.

தென்காட்டுக்குப் போனார்கள். அங்கே காட்சி வேறாக இருந்தது. புல் அடியோடு மேயப்பட்டிருந்தது. மண்ணும் கல்லும் தெரிந்தன. தொலைவில் வெள்வேல மரத்தடியில் மந்தை நின்றது. மேய ஒன்றுமில்லாததால் ஆடுகள் உதிர்ந்த காய்களை மோந்துகொண்டிருந்தன.

அவர்கள் நுழைந்ததும் ஆள்காட்டி எழும்பியது. தலைக்குமேல் பாய்ந்தது, விலகியது, மறுபடியும் பாய்ந்தது. ராவுத்தர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார்.

“என்னை எதுக்குக் கொத்த வருது? நான் ஆடு பிடிக்கத்தான் வந்தேன்.”

மருதம்மை நின்றார். அவர் காலுக்குச் சற்று முன்னால், வெறுந்தரையில், முட்டைகள் இருந்தன. மண்நிறம், அதன்மேல் கருஞ்சிதறல். கூடு என்று எதுவும் இல்லை. சிறு கற்கள் சிலவற்றை ஒதுக்கியிருந்தது, அவ்வளவுதான். அதைச் சுற்றி வேலங்கிளைகள் மூன்று, முள் வெளியே இருக்கும்படி வட்டமாக வைக்கப்பட்டிருந்தன. பறவை நடந்து போய்வர இடமிருந்தது. ஆட்டுக்கு இடமில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் ஆட்டுத்தடம் அந்த இடத்தில் மட்டும் வளைந்து, சுற்றிக்கொண்டு போயிருந்தது.

சென்னியப்பன் குத்தவைத்து உட்கார்ந்து முட்டைகளைப் பார்த்தார். பிறகு முட்களைப் பார்த்தார். முள் தானாக வட்டமாக விழுவதில்லை.

“இதை யாரு வச்சது?”

ராக்கியாத்தாள் மந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“புள்ள. இந்த முள்ளை யாரு வச்சது?”

“ஆடு வைக்குமா? நான்தான் வச்சேன்.”

“எப்போ?”

“முட்டை போட்ட அன்னிக்கு. போன வருசமும் இங்கதான் போட்டுச்சு. அப்பவும் வச்சேன். குஞ்சு எல்லாம் பொழைச்சுது.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!”

“சொன்னா?”

“சொன்னா நானும் வந்து பார்த்திருப்பேனே!”

“பார்த்துட்டுச் சும்மா இருந்திருப்பீங்களா? அன்னிக்குச் சாயங்காலமே கம்பு வெட்டப் போயிருப்பீங்க. இந்தக் காட்டுக்கும் கிளுவை வச்சிருப்பீங்க. அப்புறம் என் ஆடு எங்க மேயும்? உங்க தலையிலயா?”

சென்னியப்பன் தன்னையறியாமல் வழுக்கைத்தலையைத் தடவினார். ராவுத்தர் வாய்விட்டுச் சிரித்தார். மருதம்மையின் உதடும் அசைந்தது என்று சொல்வார்கள். அதற்குச் சாட்சி இல்லை.

ராக்கியாத்தாளுக்குத் தெம்பு வந்துவிட்டது.

“சாமி, இப்பவாச்சும் சொல்லுங்க. வடகாட்டைத் திறக்கச் சொல்லுங்க. என் ஆடு தப்பிச்சுக்கும்.”

“திறந்தா என்ன பண்ணுவீங்க, அம்மா?”

“மேய விடுவேனுங்க.”

“எதுவரைக்கும்?”

“புல் இருக்கறவரைக்கும்.”

“அதுக்கப்புறம்?”

ராக்கியாத்தாள் காலடித் தரையைப் பார்த்தார்.

மருதம்மை குனிந்து, தரையோடு தரையாக இருந்த புல்லின் கட்டையை இரு விரலால் பிடித்தார். இழுக்கவில்லை, தூக்கினார். அது வேரோடு வந்துவிட்டது. அதை ராக்கியாத்தாளின் கையில் வைத்தார்.

“இந்தக் காடு எப்போ ஓய்ஞ்சுது?”

“ஓயலீங்க.”

“கீழ்க்காடு?”

“அதுவும் ஓயலீங்க. புல் பத்தலைன்னு மூணையும் சேர்த்துத் திறந்து விட்டுட்டேன்.”

“படல்கள் எங்கே?”

ராக்கியாத்தாள் கையிலிருந்த வேரைப் பார்த்தபடியே சொன்னார்: “குட்டிகளுக்குப் பட்டி கட்டிட்டேனுங்க. நரி வந்துச்சு.”

“மூணு படலையுமா?”

“நாலு பக்கம் அடைக்கோணுமே, சாமி. ஒரு பக்கத்துக்குச் செவுரு இருந்துச்சு.”

ராவுத்தர் தலையை ஆட்டினார்.

“ஒருத்தர் கதவைச் செடியாக்கிட்டாரு. இன்னொருத்தர் கதவை எல்லாம் கழட்டிச் செவுராக்கிட்டாங்க. ஏனுங்கம்மா, இந்த மடத்துல கதவுன்னு எதுதான் கதவா இருக்குது?”

சென்னியப்பன் முதன்முறையாகச் சிரித்தார். மனைவி திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றது. பின்பு, மனைவியின் கையிலிருந்த வேரைத் தானே வாங்கி, அது முன்பு இருந்த குழியில் வைத்து, கட்டைவிரலால் மண்ணை அழுத்தினார். பிழைக்காது என்று அவருக்கும் தெரியும்.

முற்றத்துக்குத் திரும்பினார்கள். மருதம்மை மறுபடியும் நாரை எடுத்துத் தொடையில் உருட்டத் தொடங்கினார். வெயில் ஏறிவிட்டது. ராக்கியாத்தாள் யாரும் கேட்காமலே மோர் கொண்டுவந்து ராவுத்தரின் கையில் கொடுத்தார்.

ராவுத்தர் குடித்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தார்.

“நான் வந்த காரியம் என்னாச்சுங்கம்மா?”

“புல் இல்லைன்னுதான் தாயாடு தர்றேன்னு சொன்னேன்,” என்றார் மருதம்மை. “புல் இருக்குதா இல்லையான்னு இப்போ நான் சொல்ல மாட்டேன். வடகாட்டை யார் கேட்டு வாங்கினாரோ அவர் சொல்லட்டும்.”

எல்லாரும் சென்னியப்பனைப் பார்த்தார்கள்.

அவர் மனைவியைப் பார்த்துத்தான் பேசினார்.

“அது பழம்புல்லு. ஆடு தின்னுமா?”

“மேல இருக்கறதைத் தின்னாது. மிதிச்சு ஒடைச்சா அடியில வெளிச்சம் போகும். அந்தத் தளிரைத் தின்னும். அடுத்த மழைவரைக்கும் தாங்கும்.”

“காடை முட்டை வச்சிருக்குமே.”

“வச்சிருக்கும்.”

“ஆடு மிதிக்குமே.”

“நான் முன்னால நடப்பேன். காடை எழும்பற இடத்துல எல்லாம் முள்ளு வைப்பேன். பாதிக் காட்டை மட்டும் இப்போ மேய விடலாம்; மேக்கால பாதி அப்படியே நிக்கட்டும்.”

“எல்லா முட்டையும் தப்பிச்சுருமா?”

ராக்கியாத்தாள் பொய் சொல்லியிருக்கலாம். ஆடுகள் கட்டுத்தறியில் காத்திருந்தன. வாங்க வந்தவர் எதிரில் உட்கார்ந்திருந்தார். ஒரு சொல் போதும்.

“தப்பிக்காது,” என்றார். “கொஞ்சம் போகும்.”

சென்னியப்பன் கண்களை மூடிக்கொண்டார். ஆள்காட்டியின் குரல் தெற்கிலிருந்து ஒருமுறை கேட்டு ஓய்ந்தது. வெள்ளைக்காது ஆடு கட்டுத்தறியில் நின்றபடி அசை போட்டது. அவர் கண்ணைத் திறந்து ராவுத்தரைப் பார்த்தார்.

“மன்னிச்சுக்கோணும், ராவுத்தரே. இந்த வருசம் தாயாடு இல்லீங்க. கிடாய்களை மட்டும் பிடிச்சுக்கங்க.”

“காலையிலயே அக்கா சொன்னாங்க,” என்றார் ராவுத்தர். “நான்தான் நம்பாம முள்ளுக்காடெல்லாம் சுத்திட்டு வந்தேன்.” எழுந்து, தாயாடுகளுக்கென்று கொண்டுவந்திருந்த கயிறுகளைத் தோளில் போட்டுக்கொண்டார். “அக்கா, மோரு நல்லாத்தான் இருந்துச்சு.”

“எனக்குத் தெரியும்,” என்றார் ராக்கியாத்தாள். அவர் அதற்குள் கட்டுத்தறிக்குப் போய்த் தாயாடுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கியிருந்தார். அவிழ்க்கும்போது ஒவ்வொன்றையும் பேர் சொல்லித் திட்டினார்.

சென்னியப்பன் மருதம்மையின் எதிரில் வந்து கைகட்டி நின்றார்.

“நான் தப்புப் பண்ணிட்டேனுங்களா, சாமி?”

“முட்டை உடைஞ்சதைப் பார்த்தீங்க. மனசு உடைஞ்சுது. அது தப்பில்லை.”

“அப்புறம் ஏனுங்க என்னைத் தடுக்கலை? நான் கேட்ட அன்னிக்கே வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே.”

“நீங்க மூடறதுக்குத்தான் கேட்டீங்க. நானும் மூடத்தான் சொன்னேன். கடவே இல்லாமப் பண்ணச் சொல்லலை.”

அவர் தலை குனிந்தார். பிறகு நிமிர்ந்தார். தவறு செய்த நல்ல மனிதர்களின் முகத்தில் வரும் உறுதி அவர் முகத்தில் வந்திருந்தது.

“இனி அப்படி நடக்காதுங்க. சாமி ஒரு விதி சொல்லுங்க. படலை எப்போ திறக்கோணும், எப்போ சாத்தோணும், எந்தக் காட்டுல எத்தனை நாள் ஆடு நிக்கோணும். சொன்னதைச் சொன்னபடி செய்வேன். உசிரு இருக்கறவரைக்கும் மாத்த மாட்டேன்.”

மருதம்மை திரித்து முடித்த கயிற்றின் முனையை முடிச்சிட்டார். அதை இழுத்துப் பார்த்தார். பிறகு, தன்னைவிட மூத்த அந்த மனிதரை, ஒரு தாய் பார்ப்பதைப் போல அன்றி, ஒரு தோழி பார்ப்பதைப் போல நிமிர்ந்து பார்த்தார்.

“சொல்லலாம். சொன்னா அதையும் கொண்டுபோய் ஊன்றி வச்சிருவீங்க. அடுத்த மழைக்கு அது வேர் விட்டுரும்.”

சென்னியப்பன் நின்ற இடத்திலேயே நின்றார். ராக்கியாத்தாள் கட்டுத்தறியிலிருந்து வந்து, கூரைச்செருகலில் இருந்த அரிவாளை எடுத்து, பிடி கணவர் பக்கம் இருக்கும்படி நீட்டினார். அவர் அதை வாங்கிக்கொண்டார். வடக்கே, கடவு இருந்த இடத்தை நோக்கி நடந்தார்.